நினைவுக்கெட்டாத காலம்: ஓர் ஆங்கில மரபுத்தொடரின் வரலாறு

ஆங்கிலத்தில் காலத்தைச் சுட்டும் மரபுத்தொடர்கள் பல. அவற்றுள் 'டைம் இம்மெமோரியல்' என்பது இன்று மிக எளிதாகப் புழங்கும் ஒன்று. சுற்றுலாக் கையேடு முதல் அரசியல் மேடை வரை, ஒரு பழக்கத்தின் தொடக்கம் தெரியாத இடங்களிலெல்லாம் இத்தொடர் வந்து நிற்கும். ஓர் ஊரார் 'டைம் இம்மெமோரியல்' தொட்டு ஓர் ஆற்றை வணங்கி வருகிறார்கள் என்று எழுதுபவர், அது எத்தனை ஆண்டு என்று தம்மை எவரும் கேட்கப் போவதில்லை என்னும் உறுதியுடனேயே எழுதுகிறார். நாம் 'தொன்றுதொட்டு' என்றும் 'காலங்காலமாக' என்றும் 'அநாதி காலமாக' என்றும் சொல்லும் இடங்களில் அவர்கள் இதைச் சொல்கிறார்கள். அகராதிகளும் ஏறக்குறைய அவ்வாறே பொருள் தருகின்றன.

ஆயினும் இத்தொடர் வளர்ந்த இடத்தில் அதற்கு ஒரு தேதி உண்டு. இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபில் நினைவுக்கெட்டாத காலம் என்பது 1189ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாளுக்கு முற்பட்ட காலமாகும். முதலாம் ரிச்சர்டு வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடிய நாள் அது. அந்நாளுக்கு முன் தொடங்கியவை சட்டத்தின் நினைவுக்கு அப்பாற்பட்டவை. பின் தொடங்கியவை நினைவுக்கு உட்பட்டவை. எல்லையின்மையைச் சொல்லும் ஒரு தொடருக்கு இத்தனை துல்லியமான எல்லை எவ்வாறு வாய்த்தது, அவ்வெல்லை யாருக்குத் துணை நின்றது, யாரைக் கைவிட்டது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

*

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'இம்மெமோரியல்' என்பதன் வேர் நினைவைக் குறிக்கும் 'மெமோரியா' என்னும் இலத்தீன் சொல். தமிழின் 'தொன்றுதொட்டு' என்பதில் உள்ள தொன்மை, பேசப்படும் பொருளின் வயதைச் சொல்கிறது. ஆங்கிலச் சொல்லோ பொருளின் வயதைச் சொல்லவில்லை. நினைப்பவரின் எல்லையைச் சொல்கிறது. சட்ட நூல்களில் இத்தொடருக்கு நீண்ட வடிவம் ஒன்றும் உண்டு. அதன் கருத்தைத் தமிழில் தருவதாயின், 'இப்படி இல்லாமல் வேறாக இருந்தது என்பதை மனித நினைவு எட்ட இயலாத காலம்' எனலாம்.

இந்த எதிர்மறை அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஒரு வழக்கம் பழமையானது என்பதற்குச் சான்று கேட்கப்படவில்லை. அவ்வழக்கம் இல்லாதிருந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர் எவரேனும் உளரா என்பதே கேள்வி. ஒரு சிற்றூரின் மாடுகள் பிரபுவின் புல்வெளியில் மேய்ந்து வருகின்றன எனக் கொள்வோம். ஊரின் மூத்த கிழவர், 'நான் மேய்த்தேன், என் தந்தையும் மேய்த்தார், தடுத்தவர் எவருமிலர்' என்று சொல்லிவிட்டால் ஊரின் பக்கம் வலுவாகிவிடும். உரிமையின் பிறப்பை யாரும் கண்டதில்லை என்பதே அவ்வுரிமைக்கு ஆதாரம். எழுத்தறிவு சிலரிடம் மட்டுமே இருந்த ஒரு சமுதாயத்தில் இது எளியோருக்கும் எட்டக்கூடிய நீதியாக இருந்தது.

அச்சமுதாயம் தன் நினைவைப் பாதுகாக்கக் கையாண்ட வழிகள் வியப்பைத் தருவன. இங்கிலாந்தின் திருச்சபைப் பங்குகளில் ஆண்டுதோறும் எல்லையைச் சுற்றி வரும் வழக்கம் இருந்தது. முதியவர்கள் சிறுவர்களையும் உடன் அழைத்துச் செல்வர். எல்லைக்கல் வரும்போது சிறுவர்களைப் பிரம்பால் அடிப்பதும், தூக்கிக் கல்லின்மேல் மோதுவதும் உண்டு. வலித்த இடம் மறக்காது. அச்சிறுவன் முதியவனான பின்னும் அந்தக் கல் எங்கே இருந்தது என்று சொல்வான் என்பது கணக்கு. பண்டைய பவேரியச் சட்டம், சாட்சியாக நிற்பவரின் காதைப் பிடித்து இழுக்கும்படி விதித்தது. இதுவும் அவ்வகையே.

நிலவுடைமைக் குடும்பத்து வாரிசுகளின் வயதை மெய்ப்பிக்கும் விசாரணைகளிலும் இதே நிலைதான். பிறப்புப் பதிவேடு இல்லாத காலம் அது. சாட்சி சொல்ல வந்தவர்கள், அக்குழந்தை பிறந்த ஆண்டில்தான் தம் மகன் பிறந்தான் என்றும், தம் கால் முறிந்தது என்றும், தம் வீடு எரிந்தது என்றும் சொன்னதாகப் பதிவுகள் உள்ளன. காலப்போக்கில் இச்சாட்சியங்கள் வாய்பாடுகளாகிப் போயின என்று வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகின்றனர். ஆயினும் ஆண்டுக்கணக்கை எண்ணால் சுட்டாமல் வாழ்வால் சுட்டிய ஒரு முறை இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. புயலடித்த வருடம், பஞ்சம் வந்த வருடம் என்று நம் பாட்டிமார் கணக்குச் சொன்னதும் இம்முறையே அல்லவா?

*

நினைவுக்கு வலிமை உண்டெனினும் அதற்கு நீளம் குறைவு. ஒருவர் தாம் கண்டதைச் சொல்லலாம். தம் தந்தை கண்டு சொன்னதைச் சொல்லலாம். அதற்கப்பால் போவது அரிது. இங்கிலாந்தின் நிலவுரிமை வழக்குகளில் முக்கியமான ஒருவகையில், வழக்குத் தொடுப்பவரின் சார்பில் போரிட ஒரு வீரர் முன்வர வேண்டியிருந்தது. முன்னோர் அந்நிலத்தை அனுபவித்ததைத் தாமே கண்டதாகவோ, தம் தந்தை கண்டு மரணப் படுக்கையில் தம்மிடம் சொன்னதாகவோ அவ்வீரர் ஆணையிட வேண்டும். ஒரு தந்தை, ஒரு மகன்: ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. சட்டம் ஏற்ற நினைவின் நீளம் அவ்வளவே.

எனவே இத்தகைய வழக்குகளுக்கு ஒரு கால எல்லை தேவைப்பட்டது. தொடக்கத்தில் அது 1135இல் இறந்த முதலாம் ஹென்றியின் காலமாக இருந்தது. 1236இல் வந்த மெர்ட்டன் சட்டம் அதனை 1154இல் அரியணை ஏறிய இரண்டாம் ஹென்றியின் காலத்துக்கு நகர்த்தியது. 1275இல் முதலாம் எட்வர்டு காலத்து வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் மீண்டும் நகர்த்தி, முதலாம் ரிச்சர்டின் காலத்தில் நிறுத்தியது. 1275இலிருந்து 1189 வரை 86 ஆண்டுகள். தலைமுறைகள் கழியக் கழிய எல்லையும் உடன் நகர்ந்து வந்ததை இங்குக் காண்கிறோம். இதே சட்டம், வீரரின் ஆணையில் தந்தை கண்டதைச் சொல்ல வேண்டிய கட்டாயத்தையும் நீக்கியது. பொய்யாணை பெருகியதே காரணம். தந்தையின் சொல் சட்டத்தின் மையத்திலிருந்து விலகத் தொடங்கிய தருணம் இது எனலாம்.

அதன் இடத்தில் வந்தது எழுத்து. மைக்கேல் கிளாஞ்சி என்னும் வரலாற்றாசிரியர் 1979இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில், நினைவிலிருந்து எழுத்து ஆவணத்துக்கு இங்கிலாந்து மாறிய வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். அவர் தரும் ஒரு கணக்கு நினைவில் நிற்பது. அரசு அலுவலகத்தில் முத்திரையிடுவதற்குச் செலவான மெழுகு, 1220களின் இறுதியில் வாரத்துக்கு மூன்றரை ராத்தல் அளவில் இருந்தது. 1260களின் இறுதியில் ஏறத்தாழ 32 ராத்தலாக உயர்ந்தது. நாற்பது ஆண்டுகளில் ஒன்பது மடங்கு! மெழுகு உருகிய அளவுக்கு ஆவணங்கள் பெருகின என்பது வெளிப்படை.

ஆவணம் பெருகிய நாட்டில் அரசன் ஆவணம் கேட்பது இயல்பே. முதலாம் எட்வர்டின் அதிகாரிகள் பிரபுக்களை நோக்கி, நீங்கள் நடத்தும் நீதிமன்றங்களையும் சந்தைகளையும் எந்த ஆணையின்படி நடத்துகிறீர்கள் என்று வினவினர். 'எந்த ஆணையால்' என்று பொருள்படும் 'குவோ வாரண்டோ' என்ற இலத்தீன் தொடராலேயே இந்த விசாரணைகள் அறியப்படுகின்றன. சர்ரே பிரபுவான ஜான் டி வாரென், ஆவணத்துக்குப் பதிலாகத் துருவேறிய பழைய வாளொன்றை உருவி நீட்டி, தம் முன்னோர் இதைக் கொண்டே நிலத்தை வென்றனர் என்றும், அதைக் கொண்டே தாமும் காப்பேன் என்றும் சொன்னதாக ஒரு மடாலயக் குறிப்பேடு கூறுகிறது. கதை நடந்ததோ இல்லையோ, அக்காலத்துப் பிரபுக்களின் மனநிலையை அது காட்டுகிறது.

இழுபறி 1290இல் ஒரு சமரசத்தில் முடிந்தது. 1189 முதல் இடையறாது அனுபவித்து வந்ததை மெய்ப்பிப்பவர் அரச ஆணை எதையும் காட்ட வேண்டியதில்லை என்று அவ்வாண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. பிரபுக்களின் நீண்ட அனுபவம் அவர்களுக்கு உரிமையாகிவிட்டது.

*

ஆனால் அதே இரு ஆண்டுகளை, 1189ஐயும் 1290ஐயும், இன்னொரு சமூகத்தின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும்.

ரிச்சர்டு முடிசூடிய அதே செப்டம்பர் 3ஆம் நாள், பரிசுகளுடன் வந்த யூதர்கள் அரண்மனை வாயிலில் தாக்கப்பட்டனர். அன்றே இலண்டனில் அவர்கள் வீடுகள் எரிந்தன. கலவரம் வடக்கே பரவி, 1190 மார்ச்சில் யார்க் நகரை அடைந்தது. கோட்டைக் கோபுரத்தில் அடைக்கலம் புகுந்த யூதர்களில் பலர், வெளியே காத்திருந்த கூட்டத்தின் கையில் சிக்குவதைவிடத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளத் துணிந்தனர். எஞ்சியோர் கொல்லப்பட்டனர். தாக்குதலை நடத்தியவர்களுள் அவர்களிடம் கடன்பட்டிருந்த பிரபுக்களும் இருந்தனர். கொலைக்குப் பின் அக்கூட்டம் நேரே யார்க் பேராலயத்துக்குச் சென்று, அங்குப் பாதுகாப்பில் வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை எடுத்து எரித்தது. கடனை நினைவு வைத்திருக்க மனிதரும் இல்லை, தாளும் இல்லை என்று ஆக்கினர்.

இதனால் அரசனுக்கும் வருவாய் இழப்பு. ஆகவே 1194இல், யூதர்கள் தரும் கடன்களுக்குப் பத்திரம் இரு படிகளாக எழுதப்பட வேண்டும் என்றும், ஒரு படி குறிப்பிட்ட நகரங்களில் வைக்கப்படும் பூட்டிய பெட்டிகளில் இருக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. 1290இல், பிரபுக்களின் நீடித்த அனுபவத்தை உரிமையாக ஏற்ற அதே அரசன், அதே ஆண்டில், இங்கிலாந்திலிருந்து யூதர் அனைவரையும் வெளியேற்ற ஆணையிட்டான். அந்நாட்டில் அவர்கள் வாழ்ந்து வந்தது இரு நூற்றாண்டுகளுக்கும் மேல். அந்த நீண்ட வாழ்வு எவ்வித உரிமையையும் அவர்களுக்கு ஈட்டித் தரவில்லை.

1189 என்ற எல்லை இக்கலவரங்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. ஓர் ஆட்சியின் தொடக்கம் என்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டது. எனினும், 'நினைவுக்கெட்டாத காலமாக' என்று சொல்லி உரிமை பெற, சொல்பவரின் நினைவை மதிக்கும் ஒரு மன்றம் வேண்டும் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

*

மெர்ட்டனிலும் வெஸ்ட்மின்ஸ்டரிலும் நகர்ந்த எல்லைக்கல் அதன்பின் நகரவில்லை. 1540இல் நாடாளுமன்றம் நிலவழக்குகளுக்கு 60 ஆண்டு என்று புதுக் கெடு வைத்தது. ஆயினும் நீண்டகால அனுபவத்தால் வரும் உரிமைகளுக்கு 1189 என்பதே நீடித்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல இது விபரீதமாயிற்று. ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு பாதையில் நடந்து வந்த ஊரார், அப்பாதை ரிச்சர்டின் காலத்துக்குப் பிறகுதான் தோன்றியது என எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் உரிமை இழப்பர்.

1867இல் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு வழக்கு இவ்விபரீதத்துக்குச் சான்று. ஒரு பங்கில் திருமணம் நடத்துவதற்குக் கட்டணமாக 13 ஷில்லிங் வாங்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்தது. அது தொன்றுதொட்ட வழக்கம் என்று பங்குக்குரு வாதிட்டார். நீதிமன்றம் பணத்தின் மதிப்பை ஆராய்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் 13 ஷில்லிங் என்பது பெருந்தொகை. எளிய மக்கள் ஒரு திருமணத்துக்கு அத்தொகையைக் கொடுத்திருக்க இயலாது. ஆகவே இவ்வழக்கம் ரிச்சர்டின் காலத்தில் இருந்திருக்க முடியாது என்று தீர்ந்தது. விலைவாசி ஏற்றம் ஒரு மரபைப் பொய்யாக்கிவிட்டது!

நீதிபதிகள் இச்சிக்கலிலிருந்து விடுபடப் புனைவைத் துணைக்கு அழைத்தனர். உயிரோடிருப்பவர் நினைவில் ஒரு வழக்கம் இருந்து வருகிறதெனில், மறுப்புச் சான்று வராத வரை, அது 1189 முதல் இருந்ததாகவே கொள்வோம் என்றனர். அதுவும் போதாதபோது, இவ்வுரிமையை வழங்கிய பத்திரம் ஒன்று ஒரு காலத்தில் எழுதப்பட்டதாகவும், பின்னர் தொலைந்துபோனதாகவும் கொள்வோம் என்றனர். அப்படியொரு பத்திரம் எழுதப்படவே இல்லை என்று அனைவரும் அறிவர். எனினும் அது தொலைந்தது என்பதை அனைவரும் ஏற்பர். இலக்கிய மாணவர்களாகிய நாம் புனைவு என்பது கதாசிரியர்களுக்கே உரியது என்று எண்ணியிருக்கிறோம். எழுத்தில் இல்லாத நினைவைக் காப்பாற்ற, இல்லாத எழுத்தொன்றைக் கற்பனை செய்த இந்த நீதிபதிகளையும் அவ்வரிசையில் சேர்க்கலாம்.

1832இல் வந்த சட்டம் எண்களைத் தெளிவாக்கியது. பாதை, நீர் போன்ற உரிமைகளுக்கு 20, 40 ஆண்டுகள். மேய்ச்சல் போன்றவற்றுக்கு 30, 60 ஆண்டுகள். சாளரத்துக்கு வரும் வெளிச்சத்துக்கு 20 ஆண்டுகள். இருப்பினும் அச்சட்டம் பழைய விதியை நீக்கவில்லை. அதன் பக்கத்தில் புதிய வழியொன்றைத் திறந்தது, அவ்வளவே.

*

இத்தொடர் ஆங்கிலேயரின் நீதிமன்றங்களோடு இந்தியாவுக்கும் வந்தது. இங்கு அது எதிர்கொண்டது வேறொரு சிக்கலை: எழுதப்பட்ட தர்மசாத்திரங்கள் ஒருபுறம், எழுதப்படாத ஊர் வழக்கங்கள் மறுபுறம். இராமநாதபுரம் ஜமீனின் வாரிசுரிமை பற்றி மதுரை கலெக்டர் ஒரு தரப்பாக நின்ற வழக்கில், 1868இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் சாத்திர நூலின் எழுத்தை விஞ்சும் என்பது அதில் கூறப்பட்ட நெறி. 1882இல் இயற்றப்பட்ட இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. பாதைக்கும் நீருக்கும் வெளிச்சத்துக்கும் 20 ஆண்டு அனுபவம் போதும் என்று அது வகுத்தது. 1952இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வழக்கம் தொன்மையானதாக இருக்க வேண்டும் எனினும், நினைவுக்கெட்டாத காலம் பற்றிய ஆங்கில விதியை இந்தியச் சூழலில் கண்டிப்பாகப் பொருத்த வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது. ரிச்சர்டின் முடிசூட்டு நாளுக்கும் நம்மூர் வாய்க்காலுக்கும் என்ன தொடர்பு?

இவ்விடத்தில் தமிழில் வழங்கும் இரு சொற்களை எண்ணிப் பார்க்கலாம். ஒன்று 'மாமூல்'. அரபு மூலமுடைய இச்சொல்லுக்கு நடைமுறையில் உள்ளது, வழக்கமானது என்பது பொருள். சென்னை மாகாண வருவாய்த் துறைப் பதிவுகளில் வழக்கப்படி வரும் பாசன நீரும் மாமூல்தான். அதே சொல் அதிகாரிக்கு வழக்கமாகக் கொடுக்கும் அன்பளிப்பைக் குறித்து, இன்று கையூட்டுக்கே பெயராகிவிட்டது. நீண்ட நாள் நடந்தது என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடுவதில்லை என்பதற்கு இச்சொல்லின் வாழ்க்கையே சான்று.

மற்றொன்று 'வழக்கு'. பேச்சுவழக்கு, உலகவழக்கு என்னும்போது அது பயன்பாடு. மன்றத்துக்குப் போகும்போது அது பிணக்கு. வழங்கி வருவது எதுவென்பதிலேயே பிணக்கு தோன்றும் என்பதை இந்த ஒற்றைச் சொல் உள்ளடக்கியிருக்கிறது. தொல்காப்பிய மரபியல் வழக்கு என்பதை உயர்ந்தோரைச் சார்த்தியே விளக்குகிறது என்பதும் நாம் அறிந்ததே. எவருடைய வழக்கம் வழக்காக ஏற்கப்படும் என்ற கேள்வி எட்வர்டின் காலத்துப் பிரபுக்களுக்கு மட்டும் உரியதன்று.

*

அக்கேள்வி இன்றும் உயிரோடிருப்பதற்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சாட்சி. காட்டில் வாழும் பழங்குடியினரல்லாத பிற மரபுவழி வனவாசிகள் உரிமை கோர வேண்டுமாயின், 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன் மூன்று தலைமுறைகளாக அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். தலைமுறை ஒன்றுக்கு 25 ஆண்டு என்று சட்டமே சொல்கிறது. ஆக 75 ஆண்டுகள். கணக்கு 1930 டிசம்பரில் சென்று நிற்கிறது. அம்மக்களைப் பொறுத்தவரை 1189க்கு நிகரான ஆண்டு இதுவே.

1930இல் ஒரு காட்டுக் குடிசைக்கு யார் பத்திரம் எழுதித் தந்திருப்பார்? இச்சட்டத்தின் விதிகளை வகுத்தவர்கள் இதை உணர்ந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. அரசு ஆவணங்கள், புதைகுழிகள், கிணறுகள் போன்ற தடயங்களோடு, உரிமை கோருவோரல்லாத முதியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்து சான்றாகத் தரலாம் என்று விதிகள் கூறுகின்றன. குறிப்பிட்ட ஓர் ஆவணத்தைத்தான் கொண்டுவர வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது எனவும் 2012இல் திருத்தம் வந்தது. ஆனால் ஒரே வகைச் சான்று போதாது; ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும்.

இங்கிலாந்தின் எல்லைக்கல் அசையாது நின்றதுபோல இந்த எல்லையும் அசையாது நிற்கிறது, மனிதர்கள்தாம் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். 1930இல் ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தவருக்கு இப்போது அகவை நூறை எட்டும். அக்காட்டைத் தம் கண்ணால் கண்டதாகச் சொல்லக்கூடியவர்கள் ஏறத்தாழ இல்லை என்னும் நிலை வந்துவிட்டது. இனிச் சொல்ல வருபவர், தம் தந்தை சொல்லக் கேட்டதையே சொல்வார். 1275இல் வெஸ்ட்மின்ஸ்டர் கட்டாயமில்லை என்று விலக்கிய அதே தந்தை சொல்தான் அது.

ஆகவே 'தொன்றுதொட்டு' என்று நாம் எழுதும் ஒவ்வொரு முறையும், அதைச் சொல்லக் கேட்டவர் யார், அவர் சொன்னதை எவரேனும் எழுதி வைத்தனரா என்று ஒரு கணம் நின்று கேட்பது நல்லது. முதியவர் ஒருவரின் வாக்குமூலம் உரிய காலத்தில் எழுதப்பட்டால் அது ஒரு குடும்பத்தின் நிலமாகும். எழுதப்படாவிட்டால் அவரோடு அதுவும் நினைவுக்கெட்டாத காலத்தைச் சேர்ந்துவிடும். அதை மீட்டுத் தர, தொலைந்துபோன பத்திரமொன்றைக் கற்பனை செய்துகொள்ளும் நீதிபதி எல்லா ஊரிலும் கிடைப்பார் என்று நம்பியிருக்க இயலாது.